நன்றாக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சென்னையில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்15, ஆர்.சி. 390, அப்பாச்சி ஆர்.ஆர். 310, நின்ஜா 300 என்று ஏதோ ஒரு வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, இப்போது விற்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. வெளிநாட்டு வேலை, வீட்டில் குழந்தை, பெரிய வண்டிமேல் ஆசை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நன்றாக வைத்திருந்த வண்டிக்கு நல்ல விலை தானாக வந்துவிடாது. வாங்க வருபவர் அதைத் தன் கண்ணால் பார்த்து, பில்லில் படித்து நம்ப வேண்டும். அதற்கு நீங்கள்தான் வழி செய்து தர வேண்டும். அடுத்து, ஆர்.சி. புக்கில் பெயர் மாறும்வரை அது உங்கள் வண்டிதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே இருக்கும்.

எந்த மாதத்தில் விற்பது நல்லது?

ஆடியில் விளம்பரம் போட்டால் போன் வரும், பணம் வராது. "ஆடி போகட்டும்ணா, ஆவணி பொறந்ததும் எடுத்துக்கறேன்" என்பார்கள். மார்கழியும் அப்படித்தான். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் பைக் பார்க்க வருபவர்கள் குறைந்துவிடுவார்கள். ஜனவரி பிறந்தால் காகிதத்தில் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். இதையெல்லாம் பார்த்தால் ஆவணி முதல் ஆயுத பூஜை வரையான நாட்கள்தான் முதல் தேர்வு. தவறினால் பொங்கல் முடிந்த தை, மாசி.

இன்னொன்று. வண்டி பார்க்கப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள். நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். வண்டி பிடித்திருந்தும் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்கினால் காரணம் அதுவாகக்கூட இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஆறு மணிவரை பேசிக்கொண்டிருங்கள்.

என்ன விலை சொல்வது?

அதே மாடல், அதே வருடம், அதே பி.எஸ். ரகம் (பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி), ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் சென்னையில் என்ன விலைக்குப் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அது கேட்கும் விலைதான், கைக்கு வரும் விலை அதைவிடக் குறையும். ஒரு வாரத்தில் காணாமல் போகும் விளம்பரத்தின் விலையை நம்பலாம். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் விலையை நம்பாதீர்கள்.

இப்போது ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள புது பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. புது ஆர்15, நின்ஜா 300, ஆர்.ஆர். 310 ஆகியவற்றின் வரி குறைந்ததால் அவற்றின் பழைய வண்டிகளும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். பழைய ஷோரூம் பில்லைக் காட்டி "நான் இவ்வளவு போட்டேன்" என்று வாதாடுவதில் பலன் இல்லை. வாங்குபவர் இன்றைய ஆன்ரோடு விலையோடுதான் ஒப்பிடுவார். 373 சி.சி. ஆர்.சி. 390 வரி கூடிய பக்கத்தில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விலையைக் குறைக்க வேண்டாம்.

மனதில் ஒரு கடைசி விலையை முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குமேல் கொஞ்சம் வைத்துச் சொல்லுங்கள். வண்டியையே பார்க்காமல் "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" என்று மெசேஜ் அனுப்புபவருக்கு, "நேர்ல வந்து பாருங்க, பேசிக்கலாம்" என்பது போதும்.

நம்பரின் கூட்டுத்தொகை 8 வருகிறது. விலை குறையுமா?

சிலர் அதற்காகவே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்காக விலையைக் குறைக்காதீர்கள். நம்பரை விளம்பரத்திலேயே தெரியும்படி விட்டால், அதில் நம்பிக்கை உள்ளவர்கள் வீடுவரை வந்து திரும்ப வேண்டியிருக்காது.

வேறு சைலன்சர், லிவர் எல்லாம் போட்டிருக்கிறேன். அப்படியே விற்கலாமா?

கம்பெனி சைலன்சர் பரணில் இருந்தால் இறக்கி மாட்டிவிடுங்கள். சத்தமான சைலன்சருக்குப் போக்குவரத்து போலீஸ் அபராதம் போடுகிறது. பி.எஸ். 6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு வந்த சைலன்சரைக் கழற்றியிருந்தால் புகைச் சான்றிதழிலும் கேள்வி வரும். மாற்றிப் போட்ட சாமான்களுக்கு நீங்கள் கொடுத்த காசை வாங்குபவர் தரமாட்டார். தனித்தனியாக விற்றால் அதைவிடக் கூடுதலாகத் தேறும். ஃபிரேம் ஸ்லைடர், டேங்க் பேட் இருந்தால் கழற்ற வேண்டாம், அவற்றைப் பார்த்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

விற்பதற்கு முன் எவ்வளவு செலவு செய்யலாம்?

சர்வீஸ் நாள் வந்திருந்தால் செய்துவிட்டு பில்லை வையுங்கள். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், பெரிய காசில்லை. டயர் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். பட்டன் (டயரின் மேல் உள்ள வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பலர் இப்போது பார்க்கிறார்கள். 2321 என்று இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வயதான டயரைப் புதிதாக மாற்றித் தருவதைவிட, அதைச் சொல்லி விலையில் விட்டுக்கொடுப்பதுதான் என் யோசனை. வாங்குபவருக்குப் பிடித்த டயரை அவரே போட்டுக்கொள்வார்.

வாட்டர் வாஷ் செய்யும்போது செயினில் பிரஷரை அடிக்க விடாதீர்கள். செயின் கண்ணிகளில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் நீங்கள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டது வீணாகிவிடும்.

வண்டி தெரிந்தவர் என்னென்ன பார்ப்பார்?

முதலில் இன்ஜின் பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், "ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பார். காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு என்றுதான் அவர் மனதில் ஓடும். அதனால் அவர் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள். ஆறிய இன்ஜின் ஒரே அழுத்தில் பிடித்து, ஐடிலில் நின்று, டைமிங் செயின் சத்தம் இல்லாமல் ஓடினால் பாதி வியாபாரம் முடிந்தது.

அடுத்து பின்னால் போய் உட்காருவார். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் சுற்றியிருக்கும் செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கமாக இழுப்பார். நல்ல செயின் பல்லோடு ஒட்டிக்கொண்டு நகராது. தேய்ந்த செயின் எழும்பிப் பல்லின் பாதி வெளியே தெரியும். பல் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் செட்டையே மாற்ற வேண்டியதுதான். செயினை முறையாகத் துடைத்து லூப் (மசகு) போட்டவரா இல்லையா என்பது இந்த ஓர் இழுப்பில் தெரிந்துவிடும்.

பிறகு முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலு தடவை அழுத்தி, குழாயில் எண்ணெய் வளையம் படிகிறதா என்று பார்ப்பார். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் தடுக்கிறதா என்பதில் கோன் செட்டின் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) நிலை தெரியும். டிஸ்க்கில் விரலை ஓட்டினால் ஓரத்தில் படி விழுந்திருப்பது தெரியும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

கடைசியாக விழுந்த அடையாளம். பார் எண்ட், லிவர் நுனி, ஃபுட்பெக் ஓரம், இன்ஜின் கவர் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்ப்பார். ஃபேரிங் என்ற வெளிப்புற பிளாஸ்டிக் பேனலை மாற்றியிருந்தாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். ஃபேரிங்கின் உள்பக்கக் கொக்கிகள் உடைந்து டேக் போட்டுக் கட்டியிருக்கிறதா என்றும் எட்டிப் பார்ப்பார்.

இதையெல்லாம் அவர் வருவதற்கு முன் நீங்களே பார்த்து, குறை உள்ளதைக் குறித்து வையுங்கள்.

ஒரு தடவை கீழே விழுந்திருக்கிறது. சொல்ல வேண்டுமா?

போனிலேயே சொல்லுங்கள். எங்கே, எந்தப் பக்கம், என்ன மாற்றினீர்கள் என்று மூன்று வரி போதும். பில் இருந்தால் காட்டுங்கள். பேனலைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கிப் போட்டிருந்தால் அதையும் சொல்லலாம், தவறொன்றும் இல்லை. நின்றபடி சாய்ந்து கீறல் விழுந்த வண்டியைக் கேட்டதும் ஓடிப்போகிறவர்கள் குறைவு. அதை அவர்களாகக் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன கிலோமீட்டரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். ஃபிரேமோ ஸ்விங் ஆர்மோ வளைந்து நிமிர்த்தியிருந்தால் மறைப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது. நூறுக்கு மேல் போகும் வண்டி இது, அதில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை உட்காரப் போகிறார்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டியிருக்கிறேன். அது குறையா?

குறை இல்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும். டிராக்குக்குப் போகிறவர்கள் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் மற்றவர்களைவிட அடிக்கடி மாற்றுவார்கள். கிளட்சும் டயர் ஓரமும் சீக்கிரம் தேயும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் விவரம் தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

"வெள்ளத்தில் நின்ற வண்டியா?" என்று எல்லோரும் கேட்கிறார்களே?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர், கேட்கத்தான் செய்வார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் முகவரி என்றால் நிச்சயம் கேட்பார்கள். கோபப்படாமல் சீட்டைக் கழற்றிக் காட்டுங்கள். சீட்டுக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் வண்டல் படிந்த கோடு இல்லை, ஒயர் கனெக்டர்களில் பச்சை பூக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மழைக்கு முன்பே வண்டியை மேட்டுப் பகுதியில் கொண்டுபோய் விட்டிருந்தால், அன்றைய தேதியோடு போனில் கிடக்கும் படம் நல்ல சாட்சி.

தண்ணீர் ஏறியிருந்தால் எந்த அளவுக்கு ஏறியது, என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்லி விற்க வேண்டும்.

இதோடு சேர்த்து உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் வெளியில் நிற்கும் வண்டியில் போல்ட் தலைகளும் செயினும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கவர்போட்டு உள்ளே நிறுத்திய வண்டி என்றால் அந்தப் போல்ட்களை நெருக்கத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கடலோர வண்டியை வாங்குபவருக்கு அது பெரிய நிம்மதி.

படங்கள் எப்படி எடுப்பது?

காலை ஏழு மணிக்குள், வெறும் சுவர் முன்னால், வண்டியைத் துடைத்துவிட்டு. இரண்டு பக்கம், முன், பின், மீட்டர், இரண்டு டயர், செயின், கீறல் இருந்தால் அந்தக் கீறல். ஃபில்டர் போட வேண்டாம். ஆர்.சி. புக்கையும் ஆதாரையும் விளம்பரத்தில் போடவே வேண்டாம்.

டெஸ்ட் ரைடு கொடுக்கலாமா?

ஸ்போர்ட்ஸ் பைக் விற்பதில் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன் என்று போனவர் திரும்பாத கதை இந்த ஊரில் உண்டு. தான் வந்த ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போகிறார் என்பது உத்தரவாதம் ஆகாது, அதுவே திருட்டு வண்டியாக இருக்கலாம்.

ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். கியர் வண்டிக்கான உரிமமா, படத்தில் இருப்பவர் இவரேதானா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது சட்டப்படி உரிமையாளரின் குற்றமும்தான். பையன் பதினெட்டு நிரம்பாதவன் என்றால் சாவியைக் கையில் கொடுக்கவே கூடாது. அப்படி ஓட்டிச் சிக்கினால் 199ஏ பிரிவில் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அப்பா ஓட்டிப் பார்க்கட்டும்.

விலை பேசி முடித்த பிறகே டெஸ்ட் ரைடு என்று வைத்துக்கொள்ளலாம். முழுப் பணமும் காட்டிவிட்டு ஓட்டட்டும் என்று கேட்பவர்களும் உண்டு, அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கூட ஒரு நண்பரை இன்னொரு வண்டியில் அனுப்புங்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் உங்களுடையதைக் கொடுங்கள், அது இல்லாமல் தெருமுனைவரைகூட வேண்டாம். ஓ.எம்.ஆரிலோ ஈ.சி.ஆரிலோ முறுக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். முழு வேகம் பார்த்தால்தான் வாங்குவேன் என்பவர் வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும்.

லோன் பாக்கி இருக்கிறது. விற்க முடியுமா?

லோனை முடித்து, வங்கியிடம் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கையெழுத்திட்ட ஃபார்ம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்த பிறகு விற்பதே சுத்தம். என்.ஓ.சி.க்குக் காலக்கெடு உண்டு, வாங்கி பீரோவில் வைத்துவிடாதீர்கள். "நீங்க வண்டியக் குடுங்க, மிச்ச டியூவை நான் கட்டிக்கறேன்" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. அவர் கட்டாவிட்டால் கெட்டுப்போவது உங்கள் சிபில்.

பெயர் மாற்றத்தை வாங்குபவர் பார்த்துக்கொள்வார்தானே?

இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலைப் படித்தால்கூடப் போதும்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு, தேதியும் பெயரும் எழுதாமல் வெறுமனே கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வண்டி இரண்டு மூன்று கை மாறும். இன்றைக்கு யார் ஓட்டுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் கேமராவில் சிக்கினால் இ-சலான் உங்கள் போனுக்கு வரும். செயின் பறிப்பில் அந்த வண்டி பயன்பட்டால் போலீஸ் முதலில் வருவது ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு. விபத்து என்றால் இன்னும் மோசம். கை மாறி மாறி விற்கப்பட்ட ஒரு கார் விபத்தில், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்சூரன்ஸ் முடிந்துபோன வண்டி என்றால் அந்தத் தொகை உங்கள் சொத்திலிருந்து போகும்.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். அதாவது, விற்பவருக்கும் அதில் கடமை இருக்கிறது. ஃபார்மில் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் உங்கள் முன்னாலேயே எழுதுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பத்தைப் போடும்போது கூடவே உட்காருங்கள். திருவான்மியூரோ கே.கே. நகரோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு அவரோடு சேர்ந்தே போய்வருவது இன்னும் நல்லது. அதற்குப் பின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள்.  

ஆட்டோ கன்சல்டிங்கில் விட்டால் சுலபமா?

சுலபம்தான், ஆனால் பழைய வண்டி வாங்கி விற்கும் அந்தக் கடைக்காரரின் லாபம் உங்கள் விலையிலிருந்துதான் போகும். பெயர் மாற்றம் கடைசியில் வாங்குபவர் வரும்போதுதான் நடக்கும், அதுவரை வண்டி உங்கள் பெயரிலேயே நிற்கும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால் ஃபார்ம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வழி வந்திருக்கிறது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கை அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. கன்சல்டிங்கில் உங்கள் சர்வீஸ் பில் கட்டுக்கு மதிப்பில்லை, வருடமும் கிலோமீட்டரும்தான் கணக்கு.

இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு போகும். சேதத்துக்கான காப்பை வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு கிளெய்ம் கிடைக்காது. 2018 செப்டம்பருக்குப் பிறகு எடுத்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருடத்துக்கு வந்திருக்கும், சேதக் காப்பு பெரும்பாலும் வருடாவருடம் தனி. "இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல் எது எதுவரை என்று சொல்லுங்கள்.

கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது இல்லை. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம்வரை இருக்கும். நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த பைக்குக்குப் பயன்படும்.

பணத்தை எப்படி வாங்குவது?

வங்கிக் கணக்கில். தொகை கணக்கில் ஏறியதை உங்கள் செயலியில் பார்த்த பிறகே சாவி. அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பணம் வாங்க யூ.பி.ஐ. பின் போட வேண்டியதே இல்லை. "இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க, காசு வந்துடும்" என்பவரை பிளாக் செய்யுங்கள். வண்டியையே பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பத் துடிக்கும், தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்று சொல்லிக்கொள்ளும் அழைப்பும் அதே ரகம்.

நின்ஜா போன்ற விலைகூடிய வண்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வியாபாரத்தில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் விழுவது வாங்கிய உங்கள்மேல்.

பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஃபார்ம் 28 போட்டு உங்கள் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும், அங்கே அவர் மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இ-சலான் பாக்கி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உள்ளூரில் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக் கேட்பவர் இருந்தால் அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

வண்டியைக் கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வெள்ளைத் தாளில் வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், மீட்டர் கிலோமீட்டர், விலை, தேதி, ஒப்படைத்த நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நேரம் முக்கியம். அதற்குப் பின் அன்றைக்கே விழும் சலானுக்குக்கூட அது பதில் சொல்லும். அவருடைய ஆதார், உரிமம் நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நகலில் "வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இரண்டு சாவி, டூல் கிட், சர்வீஸ் பில்கள். பாடாக் ஸ்டாண்ட் (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது) இருந்து உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள். செயின் லூப் போட அவருக்கு உதவும்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்து கோளாறு என்கிறார். என்ன செய்வது?

எடுத்துப் பேசுங்கள். பழைய வண்டிக்கு நீங்கள் வாரண்டி கொடுக்கவில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தால் பணத் தகராறு வராது. பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். எந்த கிரேடு ஆயில் என்று கேட்பார், டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி ஓடுகிறதே என்பார். வெயிலில் ஃபேன் ஓடுவது சரிதான் என்று சொல்லி, நீங்கள் போட்டுவந்த ஆயில் எது, இத்தனை நாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் யார் என்று சொல்லுங்கள். அதே போனில், "ஆர்.சி.ல பேர் மாறிடுச்சா தம்பி?" என்றும் கேட்டுவிடுங்கள்.